கடைசல் தட்டும் சுருள்வரையும்

மரத்தைக் கடைந்து வட்டத் தட்டாக்கி, அதன் முகத்தில் சுருள்வரைகளையும் இதழ்வரிசைகளையும் வெட்டிச் சுவரில் மாட்டும் கலை, மேலைநாடுகளில் சென்ற ஐம்பது ஆண்டுகளில் தனக்கென ஓர் இடம் பெற்றுள்ளது. உண்கலமாகவோ பேழையாகவோ பயன்படாமல், காண்பதற்கென்றே அமைந்தவை இத் தட்டுகள். இவற்றைப் பற்றி எழுதுவோர் பலர் 'கணிதச் சுருள்', 'பொன் விகிதம்', 'இயற்கையின் சமச்சீர்' என்னும் தொடர்களை வேறுபாடின்றி ஆள்கின்றனர். கலை வரலாறு எழுதப் புகுவார்க்கு இவ்வாட்சி பெருந்தடையாகும். சுருள் என்பது ஒருவகையினதன்று, சமச்சீரும் ஒருவகையினதன்று. எச் சுருளைக் கடைசல் எந்திரம் தானே ஈனும், எதனைக் கைவல்லான் வருந்திப் பெறவேண்டும் என்பது தெளியாவிடின், ஒரு தட்டில் கருவியின் இயல்பு எவ்வளவு, கைவினைஞனின் அறிவு எவ்வளவு என்று பிரித்தறிதல் இயலாது. பாராட்ட வேண்டியதைப் பாராட்டாது விட்டு, பாராட்ட வேண்டாததைப் பாராட்டும் நிலையே எஞ்சும். அவ் வேறுபாட்டை வரலாற்று வழியே நின்று காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் கடைதல் என்னும் தொழிலைச் சிறிது நோக்குவோம். தமிழில் 'கடை' என்னும் வினை தயிர் கடைதலையும் மரம் கடைதலையும் ஒருங்கே குறிக்கும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இவ்விரு பொருளையும் தருகின்றது. மத்தைச் சுற்றிய கயிற்றின் இரு தலையையும் மாறி மாறி இழுக்க, மத்து முன்னும் பின்னும் சுழலும். பழைய கடைசல் கருவியிலும் மரத்தைச் சுற்றிய கயிறு இழுபட, மரம் அவ்வாறே முன்னும் பின்னும் சுழலும். இரு தொழிலுக்கும் ஒரு சொல் அமைந்தமைக்கு இவ்வொப்புமையே காரணம் எனக் கொள்ள இடமுண்டு. எகிப்தில் பெட்டோசிரிசு என்பாரின் கல்லறைச் சுவரில், ஏறத்தாழக் கி.மு. 300 அளவில் செதுக்கப்பெற்ற காட்சி ஒன்று உண்டு. அதில் ஒருவன் கயிற்றை இழுக்க, மற்றொருவன் உளியை மரத்தின்மேல் பிடித்திருக்கின்றான். கடைசற் கருவியைக் காட்டும் உருவங்களுள் இதுவே தொன்மையானது என்பர். ஆங்கிலத்தில் இத்தொழிலைக் குறிக்கும் சொல் 'திருப்புதல்' என்னும் பொருளது. அது சுழற்சியை மட்டுமே சுட்டும். தமிழ்ச் சொல்லோ சுழற்றும் முறையையும் உடன் நினைவூட்டுகின்றது.

சுழலும் மரத்தின்மேல் உளியை அசையாது பிடித்தால் வட்டம் பிறக்கும். இதற்குக் கணிதம் வேண்டா, அளவுகோலும் வேண்டா. வட்டத்தினும் மிக்க சமச்சீருடைய உருவம் தளத்தில் வேறில்லை. எவ்வளவு திருப்பினும் அது தன்னோடு பொருந்தும்; நடுவழியே எக்கோட்டில் மடிப்பினும் ஒரு பாதி மற்றொரு பாதியின்மேல் பொருந்தும். ஆகவே கடைசற்காரன் நிறைவான சமச்சீரை முதல் நாளிலேயே பெற்றுவிடுகின்றான். அவன் பிற்பாடு செய்வனவெல்லாம் அந் நிறைவைச் சிறிது சிறிதாகக் கைவிடுதலே ஆகும். இதழ் வெட்டும்போது ஒரு பங்கைக் கைவிடுகின்றான். சுருளாக்கும்போது மற்றொரு பங்கைக் கைவிடுகின்றான். கடைசல் அணிக்கலையின் வரலாறு இந்த இழப்புகளின் வரலாறு என்று நாம் கருதுகின்றோம்.

இனிச் சுருள்வரைக்கு வருவோம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆர்க்கிமிடீசு, சுருள்களைப் பற்றியே தனிநூல் ஒன்று செய்தார். ஒரு கோடு தன் ஒரு முனையை மையமாகக் கொண்டு ஒரே விரைவில் சுழல, அக் கோட்டின்மீது ஒரு புள்ளி மையத்திலிருந்து ஒரே விரைவில் வெளிநோக்கிச் செல்லுமானால், அப் புள்ளி வரையும் பாதையே அவர் கூறும் சுருள். அடுத்தடுத்த இரு சுற்றுகளுக்கு இடைப்பட்ட தொலைவு எங்கும் ஒன்றாகவே இருக்கும். பாயைச் சுருட்டினால் அதன் ஓரத்தில் தோன்றுவது ஏறக்குறைய இதுவே. இதனை ஒப்பிடைச் சுருள் என வழங்குவோம்.

இவ்விலக்கணத்தைக் கடைசல் பட்டறையில் நின்று படித்தால் ஒன்று விளங்கும். ஒரே விரைவில் சுழலும் தட்டின் முகத்தில், உளியை நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஒரே விரைவில் இழுத்துச் சென்றால் விழுவது ஒப்பிடைச் சுருள். ஆர்க்கிமிடீசு கடைசல் பட்டறையைக் கண்டு இதனை எண்ணினார் என்று சொல்ல நமக்குச் சான்றில்லை, சொல்லவும் மாட்டோம். ஆயின் அவர் கூறிய இலக்கணமும் கடைசல் தொழிலின் இயக்கமும் ஒன்றே என்பதில் ஐயமில்லை.

மற்றொரு சுருள் இதனினும் வேறுபட்டது. மையத்திலிருந்து எத்திசையில் கோடு இழுத்தாலும், அக் கோட்டினை ஒரே கோணத்தில் வெட்டிச் செல்வது அது. இதனைச் சமகோணச் சுருள் என்போம். மடக்கைச் சுருள் என்றும் கணிதநூலார் கூறுவர். டெக்கார்ட்டு 1638 இல் மெர்சென்னுக்கு எழுதிய கடிதத்தில் இதனைக் குறித்தார். இதன் சுற்றுகளுக்கு இடைப்பட்ட தொலைவு ஒன்றாக இராது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே மடங்கில் பெருகும். நடுவில் நெருங்கியும் ஓரத்தில் அகன்றும் நிற்பதால், இது வளர்வது போன்ற தோற்றம் தரும். இதனைத் தட்டில் வெட்ட வேண்டுமாயின், உளி மையத்திலிருந்து விலக விலக அதன் விரைவும் அதே அளவில் மிகவேண்டும். கடைசல் எந்திரத்தில் இவ்வியக்கம் இயல்பாக அமைவதில்லை.

இவ்விரு சுருளும் ஒன்றோடொன்று மயங்கிய ஒரு நிகழ்ச்சியைச் சிறிது விரித்துரைத்தல் தகும். சுவிட்சர்லாந்து நாட்டுப் பாசல் நகரத்துக் கணித அறிஞர் யாக்கோபு பெர்னூலி சமகோணச் சுருளை வியந்து ஆராய்ந்தவர். அச் சுருளிலிருந்து பல்வேறு முறைகளால் பிற வளைவரைகளைப் பெற முயன்றபோதும், மீண்டும் மீண்டும் அச் சுருளே கிடைத்தமை கண்டு, அதற்கு 'வியத்தகு சுருள்' என்று பெயரிட்டார். தம் கல்லறையில் அதனைப் பொறிக்க வேண்டும் என்றும் விரும்பினார். மாறியபோதும் அதுவாகவே மீண்டெழும் என்னும் கருத்துடைய இலத்தீன் தொடர் ஒன்றும் உடன் பொறிக்கப்பெற்றது. அவர் 1705 இல் மறைந்தார். பாசல் பெருங்கோயிலின் சுற்று மண்டபத்தில் அக் கல் இன்றும் உள்ளது. ஆனால் அதில் காணப்படுவது சமகோணச் சுருள் அன்று; சுற்றுக்குச் சுற்று ஒரே இடைவெளி விட்ட ஒப்பிடைச் சுருளே அதில் உள்ளது. வாழ்நாள் முழுதும் ஒன்றைப் போற்றியவரின் தலைமாட்டில் மற்றொன்று நிற்கின்றது.

கணித வரலாறு எழுதுவோர் இதனைக் கல்தச்சனின் அறியாமை என்று நகையாடிக் கடந்து செல்வர். நமக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. கைத்தொழில் வல்லார்க்குச் சுருள் என்றால் ஒப்பிடைச் சுருளே. முளையில் சுற்றிய நூலை அவிழ்த்துக்கொண்டே எழுத்தாணியைச் சுற்றினால், ஒரே இடைவெளியுள்ள சுருள் தோன்றும். கவராயத்தால் அரைவட்டங்களை மாறி மாறி இரு மையங்களிலிருந்து வரைந்தாலும் அதுவே தோன்றும். கல்தச்சன் தன் தொழில் கற்பித்த சுருளை வெட்டினான் என்றே நாம் கொள்கின்றோம். கல்லாயினும் மரமாயினும், கைத்தொழில் எப்பக்கம் சாயும் என்பதற்குப் பாசல் நகரக் கல் ஒரு நற்சான்று.

ஐரோப்பிய அரசவைகளில் கடைசல் தொழில் பெற்ற சிறப்பை ஈண்டுச் சுருக்கமாகக் கூறலாம். 1553 முதல் 1586 வரை சாக்சனியை ஆண்ட ஆகுஸ்டு என்பார் தாமே பட்டறையில் அமர்ந்து தந்தம் கடைந்தார். அவர் கடைந்தனவும் அவர் அவைக் கலைஞர் கடைந்தனவும் டிரெசுடன் நகரத்து அரும்பொருட்காட்சியில் உள்ளன. உருசியப் பேரரசர் பீட்டரும் இத்தொழிலில் ஈடுபாடுடையவர். அவருக்கு எந்திரங்கள் அமைத்தவர் ஆந்திரே நார்த்தோவ். அரசர் பொழுதுபோக்காகக் கொண்ட தொழிலாதலின், செலவைக் கருதாமல் கருவிகள் நுணுக்கமாயின. அலைபோன்ற விளிம்புடைய தகடு ஒன்றைக் கடைசல் அச்சில் பூட்டி, அத் தகட்டை ஒரு தடையின்மேல் உராயவிட்டால், சுழலும்போதே அச்சு இப்புறமும் அப்புறமும் அசையும். அசையாது நிற்கும் உளி வட்டத்திற்கு மாறாக இதழ்வரிசை ஒன்றை வரையும். தகட்டில் எத்துணை அலையோ, தட்டில் அத்துணை இதழ். வட்டத்தின் நிறைசமச்சீர் இங்குதான் முதன்முதலில் எண்ணுக்கு அடங்குகின்றது.

இக் கலைக்கென்றே எழுந்த முதற் பெருநூல் 1701 இல் லியோன் நகரில் வெளிவந்தது. இலத்தீனும் பிரெஞ்சும் அருகருகே அச்சிடப்பெற்ற அந் நூலை இயற்றியவர் சார்லசு புளுமியே என்னும் துறவி. அவர் தாவரநூல் வல்லவருமாவார். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் ஆணையால் மேலையிந்தியத் தீவுகளுக்குச் சென்று செடிகொடிகளை ஆராய்ந்தவர். நம் கோயில்களில் காணும் ஈழத்தலரிக்குத் தாவரநூலார் இட்ட 'புளுமேரியா' என்னும் பெயர் அவர் நினைவாக வந்ததே. அம் மலரை எடுத்துப் பார்த்தால் ஐந்து இதழ்களும் ஒன்றன் விளிம்பு மற்றொன்றின்மேல் ஏறி, ஒருபக்கமாகவே சுழன்றிருக்கும். ஐந்தில் ஒரு பங்கு திருப்பினால் மலர் தன்னோடு பொருந்தும். ஆனால் எக்கோட்டில் மடித்தாலும் பொருந்தாது. கடைசல் நூல் எழுதியவரின் பெயரை, சுழற்சிச் சமச்சீர் மட்டுமே உடைய ஒரு மலர் தாங்கியது தற்செயலே. எனினும் நம் மாணவர்க்குச் சமச்சீரின் இருவகையைக் காட்ட இதனினும் எளிய எடுத்துக்காட்டு இல்லை.

இவ்விருவகையைக் குறிக்கத் தமிழில் சொல் தேடி அலைய வேண்டுவதில்லை. வலம்புரி, இடம்புரி என்னும் சொற்கள் சங்கின் சுழியைக் குறித்து நெடுங்காலமாக வழங்குகின்றன. ஒன்றைக் கண்ணாடியில் காட்டினால் மற்றொன்றாகும் என்பதே இவற்றின் அடிப்படை. ஆயினும் எப்பக்கத்திலிருந்து நோக்குகின்றோம் என்பதை வரையறுத்தல் வேண்டும்; நாம் வலம்புரி என்னும் சங்கையே விலங்குநூலார் இடப்பக்கம் சுருண்டது என்பர். தட்டையான சுருளும் பின்பக்கத்திலிருந்து நோக்கின் புரி மாறித் தோன்றும். சுவரில் மாட்டிய தட்டுக்கு இவ்விடர் இல்லை. அதன் பின்புறத்தை ஒருவரும் காணார். ஆதலின் அதன் புரி முற்றும் உறுதிப்பட்டது. கையில் ஏந்தித் திருப்பும் பேழைக்கும் சுவர்த்தட்டுக்கும் உள்ள வேறுபாடுகளுள் இதுவும் ஒன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கலை அரசரிடமிருந்து இங்கிலாந்தின் செல்வர்க்கு வந்தது. 1790களில் இலண்டனில் தொழில் தொடங்கிய ஹோல்ட்சாஃபெல் குடும்பத்தார் மூன்று தலைமுறையாகக் கடைசல் எந்திரங்களைச் செய்து விற்றனர். சார்லசு ஹோல்ட்சாஃபெல் 1843 இல் தொடங்கிய பெருநூலின் ஐந்தாம் தொகுதி, அவர் மகனால் 1884 இல் வெளியிடப்பெற்றது. அணிக்கடைசலுக்கு அதுவே அடிப்படை நூல். அவர்தம் எந்திரத்தின் தலைப்பகுதியில் துளைகள் நிறைந்த ஒரு பகுப்புத் தட்டு உண்டு. அச்சைச் சுழலவிடாமல், ஒரு முள்ளை வேண்டிய துளையில் செருகி நிறுத்தி, சுழலும் சிறு வெட்டியால் ஓர் இதழை வெட்டுவர். பின் சில துளைகள் தள்ளி நிறுத்தி அடுத்த இதழை வெட்டுவர். வழக்கமான தட்டில் 96, 112, 120, 144, 192, 360 என ஆறு வட்டங்களில் துளைகள் அமைந்திருக்கும்.

இவ்வெண்களைச் சற்று ஆராய்தல் நலம். இவற்றுள் பெரும்பாலானவை 2, 3, 5 என்னும் எண்களின் பெருக்கத்தால் வருவன. 112 மட்டும் ஏழால் வகுபடும். ஏழிதழ் மலர் வேண்டுவோர்க்காகவே அவ் வட்டம் சேர்க்கப்பெற்றது போலும். பதினொன்றாலும் பதின்மூன்றாலும் வகுபடும் எண் இவ்வாறனுள் ஒன்றுமில்லை. எனவே பதின்மூன்று இதழுள்ள தட்டு ஒன்று நம் கண்ணில் படுமாயின், அது இவ்வகைப் பகுப்புத் தட்டால் இதழிதழாகப் பிரித்து வெட்டப்பெற்றதன்று என்று துணிந்து கூறலாம். ஓலைச்சுவடியின் எழுத்தமைதி கொண்டு காலத்தை அறிவது போல, இதழின் எண்ணிக்கை கொண்டு கருவியை அறிதல் கூடும்.

சுருளை இவ்வெந்திரத்தில் இருவழியால் பெறுவர். முதல் வழி, அச்சையும் உளித்தாங்கியின் திருகையும் பற்சக்கரங்களால் இணைத்தல். அச்சு ஒரு சுற்றுச் சுழலும்போது உளி ஒரே அளவு நகரும். உருளையின் பக்கத்தில் இது திருகுவரையாகும்; தட்டின் முகத்தில் ஒப்பிடைச் சுருளாகும். மரத்தைப் பற்றும் மூன்று தாடையுள்ள பற்றியின் உள்ளே இருப்பதும் ஓர் ஒப்பிடைச் சுருளே. அச் சுருளைத் திருகும்போது மூன்று தாடைகளும் சம அளவு நகர்ந்து மரத்தை நடுவில் நிறுத்துவது, அதன் இடைவெளி எங்கும் ஒன்றாக இருப்பதால்தான். முகத்தில் வெட்டும் சுருளும் முதுகைப் பற்றும் சுருளும் ஓரினம் என்பது இன்பம் தரும் செய்தி.

இரண்டாம் வழி இதனினும் நுட்பமானது. விளிம்பை ஒட்டி 24 இதழ்கள் கொண்ட வளையம் ஒன்றை வெட்டுக. அதனுள் அடுத்த வளையத்தை வெட்டும்போது, பகுப்புத் தட்டை இதழின் கால்பங்கு அளவு ஒருபக்கம் தள்ளுக. ஒவ்வொரு வளையத்திலும் அப்பக்கமே தள்ளிக்கொண்டு சென்றால், ஒருவரும் சுருளை வெட்டாமலே 24 சுருள்கள் தட்டில் தோன்றும். சுருள் இங்கே கோடன்று, கண் இணைத்துக்கொள்ளும் வரிசை. கால்பங்கிற்கு மாறாக அரைப்பங்கு தள்ளினால் சுருள் வாராது. செங்கல் அடுக்குப் போன்ற அமைப்பே வரும். மடிப்புச் சமச்சீரும் அழியாது. வலம்புரியாகவும் இடம்புரியாகவும் ஒன்றன்மேல் ஒன்று வெட்டினால், இழந்த மடிப்புச் சமச்சீர் மீண்டு வந்து, சாய்சதுரக் கட்டங்கள் தட்டை நிரப்பும். வளையங்களின் இடைவெளியைச் சமமாக வைத்தால் ஒப்பிடைச் சுருளும், ஒவ்வொரு வளையத்தையும் முன்னதன் ஒரே விகிதத்தில் சுருக்கினால் சமகோணச் சுருளும் கிடைக்கும். பின்னதற்கு ஒவ்வோர் ஆரத்தையும் முன்னரே கணித்து எழுதிக்கொள்ள வேண்டும். இதழ் வெட்டும் கருவியையும் அளவுக்கேற்பச் சிறிதாக்க வேண்டும். சமகோணச் சுருள் உடைய பழைய கடைசற் பணி ஒன்றைக் கண்டால், நாம் நின்று வியக்க வேண்டுவது இக்காரணத்தால்தான். அங்கே எந்திரம் தந்தது ஒன்றுமில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இத்தொழில் நலிந்து பின் தளிர்த்தது. 1948 இல் இங்கிலாந்தில் அணிக்கடைசற் கழகம் நிறுவப்பெற்றது. அமெரிக்காவில் பொறியியல் பயின்ற ஜேம்சு பிரெசுட்டினி மெல்லிய மரக்கலங்களைக் கடைந்து, அவை பயன்பொருள் என்னும் நிலை கடந்து கலைப்பொருளாக மதிக்கப்பெறும் நிலையை உண்டாக்கினார். 1986 இல் அமெரிக்க மரக்கடைசலார் சங்கம் தோன்றியது. கலத்திற்குக் குழிவு வேண்டும். குழிவு நீங்கிய கலம் தட்டாகும். தட்டைப் படுக்கையாக வைப்பதினும் நிமிர்த்தி மாட்டினால் முகம் முழுதும் விளங்கும். சுவரை அடைந்த வரலாறு இவ்வளவே.

சுவரில் மாட்டிய தட்டிற்கு மரத்தின் இயல்பே பகையாகும். பலகையிலிருந்து அறுத்த வட்டம், ஈரம் குறையும்போது நாரின் குறுக்கே சுருங்கும். நாரின் போக்கில் ஏறக்குறையச் சுருங்காது. ஆகவே வட்டம் நாளடைவில் நீள்வட்டமாகும். கடைசற்காரன் முதல் நாளில் பெற்ற நிறைசமச்சீரை மரம் தானே கைவிடுகின்றது. உளிக்கும் இதனால் தொல்லை உண்டு: ஒரு சுற்றில் இருமுறை நாரின் வெட்டுமுனை எதிர்ப்படும், அவ்விரண்டு இடத்தும் கூர்மழுங்கிய உளி நாரைப் பிய்த்துவிடும். அணிக்கடைசலார் தந்தத்தையும், நம் நாட்டு ஈட்டி மரத்தின் இனத்ததாகிய ஆப்பிரிக்கக் கருமரத்தையும் விரும்பியது, இவற்றின் செறிந்த நுண்மை நோக்கியே. தந்த வாணிகம் இன்று உலகெங்கும் கடுமையாகத் தடுக்கப்பட்டுள்ளமையின், மரமே எஞ்சியுள்ளது.

இறுதியாகப் 'பொன் விகிதம்' என்னும் பெயருக்கு வருவோம். சமகோணச் சுருள்களுள் கால்சுற்றுக்கு 1.618 மடங்கு பெருகுவதே பொற்சுருள். முழுச்சுற்றுக்கு அது ஏறத்தாழ 6.85 மடங்கு பெருகும். நாட்டிலசு என்னும் கடல்வாழ் உயிரியின் ஓட்டைப் பொற்சுருள் என்று காட்டும் வழக்கம் பரவியுள்ளது. அவ் ஓடு சமகோணச் சுருளே; ஆனால் சுற்றுக்கு மும்மடங்கு அளவே பெருகுவது. டார்சி தாம்சன் 1917 இல் வெளியிட்ட உயிரின வடிவநூலில் இவ்வளவைக் கூறியுள்ளார். அவ் ஓட்டைப் பார்த்துக் கடைந்த தட்டைப் பொற்சுருள் என்று பெயரிடுதல் இருமுறை தவறாகும். பல தட்டுகளில் உள்ளதோ ஒப்பிடைச் சுருளே ஆதலின், அங்கே தவறு மும்முறையாகும். கணிப்பொறி இயக்கும் வெட்டுக்கருவி வந்தபின் எச் சுருளும் ஒரே எளிமையது. ஆகவே அண்மைக்காலத் தட்டுகளில் சுருளின் வகை கொண்டு கைத்திறனை அளத்தல் செல்லாது. பழையனவற்றுக்கே இவ்வளவை பொருந்தும்.

பொன் விகிதம் கடைசல் தட்டில் முறையாக இடம்பெறும் வழி ஒன்று உண்டு. அது சூரியகாந்தி விதைகளின் அமைப்பு. 1979 இல் ஹெல்முட் ஃபோகல் இதற்கு எளியதொரு வாய்பாடு தந்தார்: ஒவ்வொரு விதையும் முன்னதனின் ஏறத்தாழ 137.5 பாகை திரும்பி நிற்கும். மையத்திலிருந்து அதன் தொலைவு அதன் வரிசை எண்ணின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. முதல் விதையினும் நூறாவது விதை பதின்மடங்கு தொலைவில் இருக்கும். இவ்வமைப்பில் எவ்வளவு திருப்பினும் உருவம் தன்னோடு பொருந்தாது. எவ்வாறு மடிப்பினும் பொருந்தாது. வட்டம் உடைமையாகக் கொண்டிருந்த சமச்சீர் அனைத்தும் இங்கே நீங்கின. ஆயினும் கண்ணுக்கு ஒழுங்கு குறைவதில்லை. நடுப்பகுதியில் 13, 21 என்றும், மேலும் விலகிய இடத்தில் 21, 34 என்றும் எண்ணத்தக்க சுருள்கள் இருபுறமும் எதிரெதிராக எழுகின்றன. இவை ஹோல்ட்சாஃபெல் தட்டால் சமமாகப் பகுக்க இயலாத எண்கள் என்பதை நினைவுகூர்க.

அத் தட்டின் 144 துளை வட்டத்தை மீண்டும் நோக்குவோம். ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் இடைப்பட்ட கோணம் 2.5 பாகை. 55 துளைகள் தள்ளினால் 137.5 பாகை. அஃதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பட்டறையில் நின்றவன், முள்ளை ஒவ்வொரு முறையும் 55 துளை தள்ளிச் செருகி, உளித்தாங்கியை வர்க்கமூல வாய்பாட்டின்படி நகர்த்தியிருந்தால், 144 புள்ளிகள் கொண்ட சூரியகாந்தி ஒன்று தட்டில் மலர்ந்திருக்கும். நூற்று நாற்பத்து நான்காம் புள்ளிவரை ஒருமுறை நின்ற துளையில் முள் மீண்டும் நில்லாது. பதின்மூன்றாகப் பகுக்க மறுத்த அத் தட்டே, பகுத்தலைக் கைவிட்டு எண்ணித் தள்ளியவனுக்குப் பதின்மூன்று சுருள்களைத் தந்திருக்கும். பழைய சுவர்த்தட்டுகளையும் கடைசல் முகப்புகளையும் ஆராயப் புகுவோர், பெயர்ச்சீட்டைப் படிக்குமுன் அளவுகோலை எடுத்துச் சுற்றுகளின் இடைவெளியை அளந்து, பின் இதழ்களை எண்ணத் தொடங்குதல் வேண்டும்.